ஆயக்கட்டுக் கணக்கில் இல்லாதவர்கள்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான்: "ஏனுங்க, இந்த வருசம் ஒத்தையா, ரெட்டையா?" கீழ்பவானி வாய்க்காலைப் பற்றித் தெரியாதவர் காதில் இது தாயம் ஆடுகிறவர்களின் பேச்சு மாதிரி விழும். பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடும் அந்த வாய்க்காலின் ஆயக்கட்டு, அதாவது அது பாயும் நிலம், 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அத்தனை நிலத்துக்கும் ஒரே சமயத்தில் நெல்லுக்குத் தண்ணீர் விட அணைக்குச் சக்தி கிடையாது. அதனால் மதகுகளுக்கு எண் போட்டு, ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று ஆயக்கட்டையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஆகஸ்ட் நடுவில் திறக்கும் நன்செய்த் தண்ணீர் ஒரு பாதிக்கு. தை பிறக்கும் சமயத்தில் கடலைக்கும் எள்ளுக்கும் திறக்கும் புன்செய்த் தண்ணீர் மறு பாதிக்கு. அடுத்த ஆண்டு அப்படியே மாறிவிடும். இந்த வருசம் நெல் போட்டவர் அடுத்த வருசம் கடலை போட வேண்டும்.

1948இல் தொடங்கி 1955இல் முடிந்த அணை அது. நாடு விடுதலை பெற்ற சூட்டில் பொறியாளர்கள் போட்ட கணக்கு. சாதி பார்க்காது, கட்சி பார்க்காது, மதகின் எண்ணை மட்டும் பார்க்கும். எந்த ஆட்சிமுறையாவது முழுக்க நியாயமாக, எல்லோரையும் சமமாக நடத்த முடியுமா என்று யாராவது கேட்டால் நான் அவரை இந்த வாய்க்கால் மேட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். அந்தக் கேள்வியின் எல்லாச் சிக்கலும் இந்தக் கரையில் கிடக்கிறது.

சமம் என்றால் எதைக் கொண்டு அளப்பது? முதல் சிக்கல் இங்கேதான். ஏக்கர் கணக்கில் தண்ணீர் பிரித்தால், இருபது ஏக்கர்காரருக்கு இருபது பங்கு, ஒரு ஏக்கர்காரருக்கு ஒரு பங்கு. ஏக்கரைப் பொறுத்தவரை அது சமம். ஆளைப் பொறுத்தவரை இல்லை. ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் பெரிய தோட்டம் காயும், சின்ன வயலில் தண்ணீர் வழியும். தேவைப்படி என்று வைத்துக்கொண்டாலோ, மஞ்சளுக்கு அதிகம், எள்ளுக்குக் கொஞ்சம். மஞ்சள் போட்டவருக்கு அதிகத் தேவையை உண்டாக்கியது யார் என்று எள்ளுக்காரர் கேட்பார். கேட்பதில் தப்பும் இல்லை.

இதற்கு மேல் மூப்பு என்று ஒன்று இருக்கிறது. பவானி ஆற்றில் அணை வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே கொடிவேரி, காலிங்கராயன் வாய்க்கால்கள் பாய்ந்துகொண்டிருந்தன. காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பவானியில் தொடங்கி, பாம்பு போல வளைந்து வளைந்து, சுமார் 90 கிலோமீட்டர் ஓடி ஆவுடையார்பாறை வரை போகிறது. இந்தப் பழைய ஆயக்கட்டுகளுக்கு அணையில் முதல் உரிமை. அவர்கள் ஆண்டில் பெரும்பகுதி நனைந்திருக்க, கீழ்பவானிக்காரர் முறை பார்த்துக் காத்திருப்பார். எண்ணூறு வருச உரிமையை எழுபது வருச வாய்க்கால் பறிக்க முடியுமா? முடியாது, கூடாதும்தான். ஆனால் முன்னால் பிறந்ததைத் தவிர அந்த வயலுக்கு வேறு என்ன தகுதி என்று புன்செய்க்காரரின் பேரன் கேட்டால், என்னிடம் நேரான பதில் இல்லை.

அந்த வாய்க்காலை வெட்டிய காலிங்கராயனைப் பற்றி ஊரில் சொல்லும் கதை இந்தக் கேள்விக்கு ரொம்ப நெருக்கமானது. தன் குடும்பத்து நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுவரத்தான் வாய்க்கால் வெட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, என் வம்சத்தார் இந்தத் தண்ணீரைத் தொடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோனானாம். கதைதான். அரசியல் தத்துவத்தில் ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கர் 1971இல் முன்வைத்த யோசனையும் இதை ஒட்டியதுதான். நீ எந்த வீட்டில், எந்த வசதியோடு பிறப்பாய் என்று தெரியாத நிலையில் உட்கார்ந்து சட்டம் எழுது, அப்போது அது நியாயமாக இருக்கும் என்றார் அவர். தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் பிறப்பேனா, கடைசியில் வந்து சேரும் கடைமடையில் பிறப்பேனா என்று தெரியாதவன் மதகு அளவை நிர்ணயித்தால் கடைமடையை மறக்கமாட்டான்.

எங்கள் வீட்டில் அப்பாருவின், அதாவது தாத்தாவின், காலத்தில் பாகப்பிரிவினை நடந்தபோதும் இதே தந்திரம்தான். மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். கிணறு ஒரு பங்கிலும் மேட்டாங்காடு ஒரு பங்கிலும் போய்விடாமல் மூத்தவர் மூன்று நாள் நடந்து நடந்து அளந்தாராம். அந்த நேர்மையை இன்றைக்கும் ஊரில் மெச்சிச் சொல்வார்கள். அந்த வீட்டில் இரண்டு அத்தைகளும் இருந்தார்கள். பங்கு வைத்தவருக்கும் எடுத்தவருக்கும் அவர்கள் ஞாபகமே வரவில்லை. கல்யாணத்தில் போட்ட நகைதான் அவர்கள் கணக்கு. மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல். நாடு முழுவதற்கும் 2005இல். அதற்கு முன்பு எத்தனை வீடுகளில் எத்தனை நேர்மையான பாகப்பிரிவினைகள் நடந்திருக்கும்!

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பங்கு எப்படிப் பிரிப்பது என்பதைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுகிறோம். பங்குக்காரர் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பது அதற்கு முந்தின கேள்வி. அது பெரும்பாலும் சத்தமில்லாமல் முடிந்துபோயிருக்கும்.

உத்திரமேரூர் கல்வெட்டையே எடுத்துக்கொள்ளலாம். மேடைதோறும் பெருமையோடு சொல்கிற குடவோலை முறை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியது. உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான விதிகள்: ஒருமுறை வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டு நிற்க முடியாது, கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவுக்காரரும் நிற்கவே முடியாது. இந்தக் கடைசி விதியை இன்றைக்குக் கொண்டுவந்தால் எத்தனை ஊராட்சிகள் காலியாகும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஆனால் ஓலையில் பெயர் எழுதவே கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். அந்த வயலில் உழுதவரின் பெயர் குடத்துக்குள் விழ வழியே இல்லை. குடவோலை பொய் என்று நான் சொல்லவில்லை. பட்டியலுக்குள் இருந்தவர்களுக்கு அது நியாயமாகத்தான் இருந்திருக்கும்.

தூரத்து நாடுகளும் இப்படித்தான். மக்களே நேரடியாக வாக்களித்துச் சட்டம் செய்யும் நாடு என்று சுவிட்சர்லாந்தைப் புகழ்வார்கள். அங்கே பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959இல் ஆண்களிடம் கேட்டார்கள், வேண்டாம் என்றார்கள். 1971இல்தான் சரி என்றார்கள். நம் ஊரில், 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது சொத்தும் வரியும் இருந்தவருக்குத்தான் ஓட்டு. 1952 வாக்கில் வந்த முதல் பொதுத்தேர்தலில்தான் நிலக்காரப் பண்ணாடியும் அவரிடம் வேலை செய்யும் பண்ணையத்தாளும் ஒரே வரிசையில் நின்றார்கள். வரிசையில் மட்டும் என்றாலும் அது சின்ன விஷயமில்லை.

வாய்க்காலுக்குத் திரும்புவோம். பட்டியலுக்குள் வந்துவிட்டால் மட்டும் தண்ணீர் வந்துவிடுமா? கிளை வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்சும்போது ஏக்கருக்கு இத்தனை நேரம் என்று கடிகாரம் பார்த்துப் பிரிப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு முறை வந்தால் இரண்டு மணிக்கு மம்பட்டியும் டார்ச்சுமாக நிற்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவு நேரம். ஆனால் தலைமடையில் மடையை வெட்டியதும் தண்ணீர் வயலில் விழுகிறது. கடைமடையில் காய்ந்து கிடக்கும் வாய்க்காலை நனைத்து, எலி வளையெல்லாம் நிரப்பி, கோரையைத் தாண்டி வந்து சேருவதற்குள் முறையில் கால்வாசி போய்விடும். "அங்க குடிச்சு மீந்ததுதானுங்க எங்களுக்கு" என்பார்கள். வட இந்தியக் கால்வாய்களில் இதற்கென்றே ஒரு கணக்கு உண்டு: வாய்க்கால் நிரம்புவதற்கு ஆகும் நேரத்தை அந்த விவசாயியின் முறையோடு கூட்டிக் கொடுப்பார்கள். முறை முடிந்த பிறகும் வாய்க்காலில் தேங்கி வடியும் தண்ணீர் யாருக்குப் போகிறதோ, அவர் நேரத்தில் அதைக் கழித்துவிடுவார்கள். ஒரே நேரம் கொடுத்தால் ஒரே தண்ணீர் கிடைக்காது என்பதை ஒப்புக்கொண்டு, நேரத்தை வேண்டுமென்றே சமமில்லாமல் ஆக்குகிறார்கள்.

இடஒதுக்கீட்டின் தர்க்கமும் இதுதான். கொங்குப் பகுதியில் அது இன்னொரு படி உள்ளே போயிருக்கிறது. தாழ்த்தப்பட்டோருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள்ஒதுக்கீடு என்று 2009இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. அருந்ததியர் அதிகமாக வாழ்வது மேற்கு மாவட்டங்களில்தான். 18 சதவீதம் என்ற பொது வாய்க்காலிலும் ஒரு தலைமடையும் ஒரு கடைமடையும் இருந்தன. தண்ணீர் கடைசி வயலுக்கு வந்து சேரவில்லை. இப்படிப் பிரிப்பது சமத்துவத்துக்கே விரோதம் என்று வழக்கு நடந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. ஒருவர் மட்டும் மாறுபட்டார். இதே மண்ணில் கொங்கு வேளாளர்களும் 1975இல் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள் என்பதை, ஒதுக்கீடு என்றாலே முகம் சுளிக்கும் என் சொந்தக்காரர்களுக்கு அவ்வப்போது நினைவுபடுத்துவது உண்டு. விருந்தில் அதற்குப் பிறகு எனக்குப் பாயசம் கொஞ்சம் குறைவாகத்தான் விழும்.

பட்டியலை விரிப்பதற்கும் விலை உண்டு. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தைப் பாருங்கள். பி.ஏ.பி. என்றால்தான் இங்கே புரியும். தொடக்கத்தில் ஆயக்கட்டு இவ்வளவு பெரிதில்லை. எங்களுக்கும் வேண்டும் என்று கேட்ட ஊர்களையெல்லாம் சேர்த்துச் சேர்த்து இன்றைக்கு 3 லட்சத்து 77 ஆயிரம் ஏக்கர். அதை நான்கு மண்டலமாக்கி, ஒரு மண்டலத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் தண்ணீர். வறண்ட காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்தைச் சேர்த்தது நியாயமா? சந்தேகமில்லாமல் நியாயம். முன்பே இருந்தவரின் பங்கு மெலிந்தது நியாயமா? அவரைக் கேட்டால் இல்லை. மெலிந்த பங்கு வழியில் திருட்டும் போகும்போது, சேர்க்கப்பட்ட கடைசி ஊருக்குக் காகிதத்தில் உரிமையும் கண்ணில் புழுதியும்தான் மிச்சம்.

மின்சாரத்திலும் இதே கதை. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகள் கோவையையே முடக்கின. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. ரத்தம் சிந்திக் கிடைத்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இருந்தாலும் மூன்று போர்வெல் வைத்திருப்பவருக்கு மூன்று மோட்டாருக்கும் இலவசம். கிணறே இல்லாதவருக்கு இலவசத்தில் ஒன்றுமில்லை.

சரி, எதைக் கொண்டு அளப்பது என்பதை மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடலாமே என்பார்கள். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. கீழ்பவானி மண் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட 2020இல் சுமார் 700 கோடி ரூபாய்த் திட்டம் வந்தபோது ஆயக்கட்டே இரண்டுபட்டது. கான்கிரீட் போட்டால் கடைமடைக்குத் தண்ணீர் சேரும் என்றது ஒரு தரப்பு. கசிவுநீர் நின்றால் கிணறுகள் வற்றிப்போகும் என்றது இன்னொரு தரப்பு. கற்பனைக்கு மூன்று சம அளவுக் குழுக்களை வைத்துக்கொள்வோம். முதல் குழுவுக்கு முழுக் கான்கிரீட் வேண்டும். இல்லாவிட்டால் பலவீனமான கரையையாவது கட்ட வேண்டும். சும்மா விடுவது கடைசி. இரண்டாம் குழுவுக்குக் கரையை மட்டும் கட்டினால் போதும். இல்லாவிட்டால் சும்மா விடு. கான்கிரீட் கூடவே கூடாது. மூன்றாம் குழுவுக்குச் சும்மா விடுவதே நல்லது. தொட்டால் முழுசாகச் செய், அரைகுறை வேலை காண்ட்ராக்டரைத்தான் வாழவைக்கும்.

இப்போது இரண்டிரண்டாக ஓட்டுக்கு விடுங்கள். முழுக் கான்கிரீட்டா, கரை மட்டுமா? ஒன்றும் மூன்றும் சேர்ந்து கான்கிரீட்டை ஜெயிக்கவைக்கும். கரையா, சும்மாவா? ஒன்றும் இரண்டும் சேர்ந்து கரை ஜெயிக்கும். அப்படியானால் கான்கிரீட் சும்மா விடுவதைத் தோற்கடிக்க வேண்டும் இல்லையா? நடக்காது. இரண்டும் மூன்றும் சேர்ந்து சும்மா விடுவதை ஜெயிக்கவைத்துவிடும். எதை எடுத்தாலும் அதைவிட இன்னொன்றைப் பெரும்பான்மை விரும்புகிறது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் முட்டாளும் இல்லை. கடைசியில் எந்தக் கேள்வியை முதலில் ஓட்டுக்கு விட்டார் என்பதை வைத்துக் கூட்டத் தலைவர்தான் ஜெயிக்கிறார். இந்தப் புதிரை 18ஆம் நூற்றாண்டிலேயே கொந்தோர்செ என்ற பிரெஞ்சுக்காரர் கண்டார். மூன்றோ அதற்கு மேலோ வாய்ப்புகள் இருந்தால், நியாயமானவை என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு சில நிபந்தனைகளை ஒருசேர நிறைவேற்றும் வாக்குமுறை, அவரவர் விருப்பங்களை வரிசைப்படுத்தும் எந்த முறையிலும் கிடையாது என்று 1951இல் கென்னத் ஆரோ கணக்காகவே நிறுவினார். தேடிக் கிடைக்காமல் போன விஷயமில்லை இது. கிடைக்காது என்பதே நிரூபணம்.

நடப்பில் நாம் வைத்திருக்கும் முறை இதைவிடக் கரடுமுரடானது. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் அ.தி.மு.க. வாங்கிய வாக்கு சுமார் 44 சதவீதம். கிடைத்தது 39இல் 37 தொகுதி. கொங்கு மண்டலத்தில் பெரும்பகுதி அவர்களுடையது. சுமார் 24 சதவீதம் வாங்கிய தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை. வாக்கின் விகிதப்படி இடம் கொடுக்கும் நாடுகள் பல இருக்கின்றன. அங்கே இந்தக் கோணல் குறையும். ஆனால் நாலு கட்சி சேர்ந்தால்தான் ஆட்சி என்றாகி, ஐந்து சதவீதக் கட்சி அரசின் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும்.

யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்ற சமத்துவத்தைக் கடைசி எல்லை வரை சோதித்துப் பார்த்ததும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள். தங்கள் குறைகளை அரசு காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். வாக்குச்சீட்டு, சீட்டாக இல்லாமல் புத்தகமாக வந்தது. ஜெயித்தவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டும் விழவில்லை, அவரவர் ஓட்டும் சேர்த்து. அந்த ஆண்டே சட்டமன்ற வேட்பாளரின் டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. விளையாட்டுக்கு நிற்பவரைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். நியாயமான காரணம்தான். கையில் 5,000 இல்லாதவர் விளையாட்டுக்காரரா என்று அந்தச் சட்டம் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்படி எல்லாமே கோணல் என்றால் எந்த ஆட்சியும் ஒன்றுதான், ராஜாவே நல்லவனாக இருந்தால் போதும் என்று ஒரு பேச்சு டீக்கடைகளில் ஓடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோணல்களுக்குள்ளும் தரம் உண்டு. சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் இருக்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று அமர்த்தியா சென் காட்டினார். 1943இல் வங்கத்தில் லட்சக்கணக்கானோர் செத்தபோது ஆண்டது வெள்ளைக்கார அரசு. அவர்களைத் தேர்தலில் தோற்கடிக்க வங்கக் குடியானவனால் முடியாது. சமத்துவமே கொள்கை என்று சொன்ன சீனாவில் 1959 முதல் 1961 வரை கோடிக்கணக்கில் செத்தார்கள். விளைச்சல் அமோகம் என்று கீழிருந்து மேலே பொய்க்கணக்கு போய்க்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னவனுக்குத் தண்டனை. தண்ணீர் வரவில்லை என்று கடைமடைக்காரன் சாலையை மறிக்க முடிகிற இடத்தில் வாய்க்கால் என்றைக்காவது ஒருநாள் தூர்வாரப்படும்.

நொய்யல் ஆற்றில் அந்த ஒருநாள் வர இருபது ஆண்டு ஆயிற்று. பாசனத்துக்கென்று 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாகிப்போனது. தண்ணீர் விடுங்கள் என்று கேட்டுப் பழகிய விவசாயிகள், தயவுசெய்து திறக்காதீர்கள் என்று கேட்டார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்பது நிபந்தனை. ஆற்றோரத்து விவசாயிக்கு அது தாமதமான நீதி. அன்றைக்கு வேலை போன பட்டறைத் தொழிலாளிக்கு அது என்ன? வழக்கில் அவர் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. இன்றைக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைப்பவர்களில் பெரும்பாலோரின் ஓட்டு இந்த ஊரில் இல்லை. குடிக்கும் தண்ணீர் இங்கே, வார்டு கவுன்சிலரைக் கேள்வி கேட்கும் உரிமை ஆயிரம் மைலுக்கு அப்பால்.

எங்கள் நிலத்தில் இருபது வருசமாகத் தண்ணீர் கட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். ராத்திரி முறைக்கு என்னைவிட முன்னால் வந்து நிற்பவர். எந்த மடை எத்தனை நிமிடத்தில் நிரம்பும் என்று அவருக்குத்தான் தெரியும். பாசன சபையில் ஓட்டுப் போடுவது நிலத்தின் பேரில் என்பதால் அங்கே அவர் பெயர் கிடையாது. போன ஆடியில் வாய்க்கால் மேட்டில் அவரும் அதையேதான் கேட்டார்: "இந்த வருசம் ஒத்தையா ரெட்டையாங்க?" நம் மதகுக்குப் புன்செய்தான் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். நாற்று நடுகிற கூலி இந்த வருசம் எந்தக் கரையில் கிடைக்கும் என்பதுதான் அவருக்கு அந்தக் கேள்வி.